கூடவே வளரும் எதிரி

வேடமேற்று ஆடும் வீடியோ கேம்களில் ஆடுபவனுக்கும் ஆட்டத்துக்கும் இடையே எழுதாத ஓர் ஒப்பந்தம் உண்டு. காட்டில் திரியும் சில்லறை அரக்கர்களை அடித்தால் காசு விழும், லெவல் ஏறும். நேற்று நம்மை மிதித்தவனை நாளை நாம் மிதிக்கலாம். பட்ட பாடு வீண்போகாது. 1999 பெப்ரவரியில் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்கு வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டசி 8' இந்த ஒப்பந்தத்தை மீறியது. இலட்சக்கணக்கில் விற்றது, ஆனாலும் ஏழாம் பாகத்தைக் கொண்டாடிய இரசிகர்கள் பலர் அதை இன்னும் மன்னிக்கவில்லை.

அதன் குற்றங்கள் இவை. அரக்கர்களை அடித்தால் காசு விழாது. நாயகன் ஸ்குவால் ஒரு கூலிப்படையின் ஊழியன். தரத்துக்கேற்ற சம்பளம்தான் கிடைக்கும். சண்டையில் சுணங்கினால் தரம் இறங்கும். ஏற்றிக்கொள்ள எழுத்துப் பரீட்சை உண்டு. எல்லாவற்றிலும் பெரிய குற்றம், நம் லெவல் ஏற ஏற எதிரியின் லெவலும் ஏறுவது. பிறகு பாடுபட்டு என்ன பயன் என்று கேட்டார்கள்.

இலங்கையின் தேயிலை மலைநாடான பதுளையில் இது பழைய கேள்வி. பசறை, ஹாலிஎல, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் மாலை நிறுவையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொழுந்துச் சாக்கு தராசில் தொங்கும். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து மிஞ்சியதுதான் கணக்கில் ஏறும். சொன்ன கிலோ இருந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. சம்பளம் ஏறிய கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கு எடுக்கவேண்டிய கிலோவும் ஏறியது. அந்த விளையாட்டின் புதுப்பித்த பதிப்பு கைத்தொலைபேசிக்கு வந்ததும் அதே மார்ச்சில்தான். இதில் யார் திட்டமும் இல்லை. தோக்கியோவில் இருப்பவர்களுக்குப் பசறை தெரிந்திருக்க நியாயமில்லை.

விளையாட்டில் குறையில்லை என்று சொல்லமாட்டேன். எதிரியிடமிருந்து மந்திரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக உருவி நூறு வரை சேர்ப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். பிற்பாதியில் கதை தடுமாறுகிறது. ஆனால் உழைப்பை அவமதிக்கிறது என்ற குற்றச்சாட்டை ஏற்க முடியவில்லை. உழைத்தவன் உயர்வான் என்று வாக்குக் கொடுத்து அதைத் தவறாமல் காப்பாற்றும் உலகம்தான் கற்பனை. டிராகனும் மந்திரமும் அதற்குப் பிறகுதான். இந்த ஆட்டம் டிராகனை வைத்துக்கொண்டு அந்த வாக்கை மட்டும் எடுத்துவிட்டது. கோபம் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த வாக்கு வெளியிலும் ஓரளவு பலித்தவர்களாக இருக்கவேண்டும்.

வாக்குக்குப் பதிலாக ஒரு வழியையும் திறந்துவைத்தது. சேர்த்த மந்திரத்தை உடற்பலத்தோடு பிணைக்கலாம். சீட்டாட்டத்தில் வென்ற சீட்டுகளைப் பொருட்களாகவும், அவற்றை மந்திரமாகவும் மாற்றலாம். லெவலை ஏற்றாமலே பலம் சேர்ப்பவனுக்கு ஆட்டம் எளிது. விதியை வாசித்தவன் வெல்கிறான், கண்ணை மூடிக்கொண்டு மாடாய் உழைத்தவன் திணறுகிறான்.

என் வாதம் செல்லுபடியாவது இதுவரைதான். கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தோட்டத்து விதிகள் மனப்பாடம். எந்த மலையில் எத்தனை கிலோ தேறும், எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. தெரிந்ததால் ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஸ்குவாலை ஆட்டுவிப்பவனுக்கு விதி தெரிந்தால் போதும். இவர்களுக்கோ விதி எழுதப்படும் மேசையில் இடம் வேண்டும். அது எத்தனை லெவல் ஏறினாலும் தனியாளாகக் கிடைக்கக்கூடியதல்ல.