காதுக்கு எட்டும் விலை

செல்பேசியின் குட்டி ஸ்பீக்கரிலேயே பாட்டுக் கேட்டுப் பழகியவர், ஒரு நாள் முப்பது நாற்பதாயிரம் ரூபாயில் நல்ல ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வைக்கிறார். மனப்பாடமாகத் தெரிந்த இளையராஜா பாட்டுக்கு அடியில் பேஸ் கிடார் தனக்கென ஒரு மெட்டோடு நடந்துகொண்டிருப்பது அன்றுதான் அவருக்குத் தெரிகிறது. மிருதங்கத்தின் இடப்பக்கம் முதல்முறையாக வயிற்றில் தட்டுகிறது. இது பெரிய சந்தோஷம்; கொடுத்த காசுக்கு மேல் கிடைத்த சந்தோஷம். அடுத்து மூன்று லட்சம் செலவழித்தாலும் அப்படி ஒரு நாள் திரும்ப வருவதில்லை.

காரணம் ஒலியின் கணக்கிலேயே இருக்கிறது. ஐம்பது வாட்டை நூறு வாட்டாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். வீட்டில் நாம் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கோ ஓரிரு வாட்டே போதும்.

நுணுக்கத்துக்காகத்தானே காசு, வாட்டுக்காக இல்லையே என்று கேட்கலாம். 2007இல் மேயர், மோரன் என்ற இரு அமெரிக்கர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். சிடியைவிட உயர்ந்த தரத்தில் பதிவான இசையை அப்படியே ஒருமுறையும், சிடியின் தரத்துக்குக் குறைத்து ஒருமுறையும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 முறையில் சரியான பதில் 276. காசைச் சுண்டிப்போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டியது இன்னும் யோசிக்க வைப்பது: அதே ஸ்பீக்கர்களுக்கு, திரைக்குப் பின்னால் இருந்தபோது ஒரு மதிப்பெண், கண்ணில் பட்டபோது வேறு மதிப்பெண். கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது.

இதற்கு நடுவில் அறையை யாரும் கவனிப்பதில்லை. நம் வீடுகள் சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருப்பவை. கை தட்டினால் ஓசை சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பத்தடி நீள அறை, சுமார் 56 ஹெர்ட்ஸ் ஒலியைத் தானே ஊதிப் பெரிதாக்கும். எத்தனை லட்சத்துக்கு ஆம்ப்ளிஃபையர் வாங்கினாலும் அந்த ஒரு ஸ்வரம் குமுறிக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்துவது, தரையில் ஜமுக்காளம் விரிப்பது, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி வைப்பது: இவை தரும் மாற்றத்தை விலையுயர்ந்த எந்தக் கேபிளும் தந்து நான் கேட்டதில்லை. நகர்த்துவதற்குக் காசில்லை என்பதாலேயே கடையில் இதை யாரும் சொல்வதில்லை.

பலன் குறைவதோடு விஷயம் நின்றால்கூடப் பரவாயில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் கருவியே பாட்டைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுகிறது. லட்சக்கணக்கில் போட்டவர் வீட்டுக்குப் போனால், துல்லியமாகப் பதிவான நாலைந்து ஆல்பங்களே திரும்பத் திரும்ப ஓடும். நாதஸ்வரக் கலைஞர் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் போடச் சொன்னால், “ரெக்கார்டிங் சரியில்லை சார், இதுல கேட்டா இரைச்சல்தான் தெரியும்” என்பார். எனக்கு மனம் வலிக்கும். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். அதற்குள் ஒரு ராகத்தையே வைத்துவிட்டுப் போன மனிதரை, ஊசி உரசும் சத்தத்துக்காக ஒதுக்கிவைக்கும் காது எதைக் கேட்கிறது? இரைச்சலைத் தாண்டிப் போகும் பழக்கம் நம் பாட்டன்மாருக்கு இருந்தது. அவர்கள் தெருமுனை ரேடியோவில் கேட்டுக்கொண்டே ராகம் கண்டுபிடித்தார்கள்.

வயதின் கணக்கு இன்னொன்று. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது இளம் வயதுக்குச் சொன்னது. உச்ச ஒலிகள் முதலில் கழன்றுபோகும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 12,000-க்கு மேல் பெரிதாக ஒன்றும் எட்டுவதில்லை. வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் படிப்பு முடிந்து, கையில் காசு சேர்வதும் அந்த வயதில்தான். அந்த உச்சத்தை முழுதாகக் கேட்கக்கூடிய பதினெட்டு வயதுப் பிள்ளையோ பக்கத்து அறையில் செல்பேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதனால் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதல் நாற்பதாயிரத்தைத் தயங்காமல் செலவழியுங்கள் என்கிறேன். அந்தப் பெட்டியை அப்பாவின் அறையில் பூட்டாமல் கூடத்தில் வையுங்கள். பிள்ளைகள் அவர்கள் பாட்டைப் போடட்டும், நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். மிச்சப் பணத்தில் மார்கழிக் கச்சேரிக்கு முன்வரிசை டிக்கெட்டை வீட்டில் எல்லோருக்கும் வாங்கலாம்.