சிநேகிதனுக்காகச் செய்தது

தரை துடைக்கும் பெண்கள் மண்டியிட்டுத்தான் துடைக்க வேண்டுமா என்று யோசித்த நகரத் தலைவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். 1914-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தின் மேயராகப் பதவியேற்ற ஜேம்ஸ் மைக்கேல் கர்லி யோசித்தார். நகர மண்டபத்தில் வேலை செய்த துப்புரவுப் பெண்கள் அத்தனை பேருக்கும், நின்றபடியே துடைப்பதற்குக் கம்பு வைத்த மாப் வாங்கிக் கொடுக்கச் சொன்னார். பெண்பிள்ளை மண்டியிடுவதென்றால் அது கடவுளுக்கு முன்னால் மட்டும்தான் என்பது அவர் கட்சி.

இதைப் படித்ததும் எனக்கு அந்த மனிதரை மிகவும் பிடித்துவிட்டது. மேற்கொண்டும் படித்தேன். பிடித்தது போகவில்லை, ஆனால் ஒரு சங்கடமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

கர்லியின் பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைகள். தகப்பனார் கட்டட வேலையில் சுமை தூக்கியவர். பையனுக்குப் பத்து வயதாகும்போது இறந்துபோனார். பிறகு தாயார் ஊரார் கட்டடங்களில் தரை தேய்த்துத்தான் பிள்ளைகளைக் காப்பாற்றினாள். அந்த மாப் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆனால் அதே கர்லி, மேயராவதற்குப் பத்துப் பதினோரு வருஷங்களுக்கு முன்னால், தம் வட்டாரத்து ஏழை ஒருவனுக்குத் தபால்காரர் வேலை கிடைக்கவேண்டும் என்பதற்காகச் சர்க்கார் பரீட்சையில் அவன் இடத்தில் உட்கார்ந்து தாமே விடை எழுதினார். ஆள்மாறாட்டம் வெளிப்பட்டது. இரண்டு மாதம் ஜெயில். 1904-ல், ஜெயிலுக்குள் இருக்கும்போதே ஜனங்கள் அவரை ஆல்டர்மேனாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! 'சிநேகிதனுக்காகச் செய்தார்' என்பதுதான் அவருடைய தேர்தல் கோஷமாயிற்று. குற்றத்தை மறைக்கவில்லை, அதையே கொடியாக உயர்த்திப் பிடித்தார். கதை எழுதுகிற எனக்கு இப்படி ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்யும் தைரியம் வந்திருக்காது. (பாஸ்டன்காரரான எட்வின் ஓ'கானருக்கு வந்தது. அவர் 1956-ல் எழுதிய 'தி லாஸ்ட் ஹுர்ரா' நாவலின் கதாநாயகன் கர்லியேதான் என்று ஊரே நம்பியது.)

1914-க்கும் 1950-க்கும் இடையில் கர்லி நான்கு தடவை மேயர்; ஒரு தடவை மாநிலக் கவர்னர். ஏழைகளின் ஆஸ்பத்திரியைப் பெரிதாக்கினார். விளையாட்டு மைதானங்கள், கடற்கரைப் பூங்காக்கள், ரஸ்தாக்கள் எல்லாம் போட்டார். வேலையில்லாதவன் காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் ஏதாவது வழி பிறக்கும். அந்த வீடு இருக்கிறதே, அது 1915-ல் கட்டியது. இருபதுக்கு மேற்பட்ட அறைகள். ஜன்னல் கதவுகளில் அயர்லாந்தின் சின்னமான மூன்றிலைக் கொழுந்தைச் செதுக்கியிருந்தார்கள். மேயர் சம்பளத்தில் அப்படி ஒரு மாளிகை எப்படி எழும்பியது என்று கேட்டவர்கள் உண்டு. 1938-ல், நகரத்துக்கு எதிரான நஷ்டஈட்டு வழக்கு ஒன்றைச் சமரசம் செய்துவைக்கத் தனியாகப் பெற்றுக்கொண்ட 42,629 டாலரை நகரத்துக்கே திருப்பிக் கட்டும்படி கோர்ட்டு தீர்ப்பளித்தது.

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று நாம் இதைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவழித்த வாதவூரரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோமே! வாதவூரர் தமக்கென்று ஒரு காசும் வைத்துக்கொள்ளவில்லை, கர்லி மாளிகை கட்டிக்கொண்டார் என்று வித்தியாசம் சொல்வீர்கள். வாஸ்தவம். ஆனால் கர்லி ஓட்டை வீட்டிலேயே காலம் தள்ளியிருந்தால் என் சங்கடம் தீர்ந்திருக்குமா? தீர்ந்திருக்காது என்றுதான் படுகிறது.

ஏனென்றால் அந்தப் பரீட்சைக் கூடத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருந்திருப்பான். அவன் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை, நானாக ஊகிக்கிறேன். அவனுடைய அம்மாவும் எங்கேயோ தரை தேய்த்திருக்கலாம். பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு இராத்திரி விளக்கடியில் படித்தவனாக இருக்கலாம். கர்லியின் தந்திரம் பலித்திருந்தால் பறிபோவது அவனுடைய வேலை. அவன் செய்த தவறு, கர்லிக்குச் சிநேகிதனாக இல்லாததுதான்.

மாப் விஷயம் அப்படியல்ல. அது எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. யார் கர்லி கட்சி, யார் எதிர்க்கட்சி என்று பார்த்துக் கொடுக்கவில்லை. அதற்காக யார் கையிலிருந்தும் எதையும் பறிக்கவுமில்லை. இரண்டும் ஒரே தாயின் நினைவிலிருந்து பிறந்தவைதாம். ஆனால் ஒன்று தர்மம், மற்றது தயவு. தயவு பெற்றவன் திரும்ப ஏதாவது கொடுத்தாக வேண்டும். கர்லியிடம் அது வோட்டு.

அந்த வோட்டுக் கணக்கு இன்னும் தூரம் போயிற்று என்கிறார்கள். 2005-ல் ஹார்வர்ட் பேராசிரியர்களான கிளேஸரும் ஷ்லைஃபரும் 'கர்லி விளைவு' என்றே பெயர் சூட்டி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வரியை உயர்த்தி, வார்த்தையால் குத்தி, தமக்கு வோட்டுப் போடாத பழைய பணக்கார வம்சத்தாரை ஊரைவிட்டே போகும்படி செய்தார். ஊர் வறண்டது, அவர் ஜெயித்தார் என்பது அவர்கள் வாதம். முழுவதும் ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கம். அந்தப் பணக்காரர்களும் அயர்லாந்துக்காரனை அண்டவிடாதவர்கள்தாமே!

1947-ல் மறுபடி ஜெயில், இந்தத் தடவை தபால் மோசடிக் குற்றத்துக்காக. மேயர் பதவியில் இருந்துகொண்டே போனார். ஐந்து மாதம் நகரசபைக் குமாஸ்தா ஜான் ஹைன்ஸ் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். குமாஸ்தா என்றால் நம் ஊர் அர்த்தத்தில் அல்ல, பெரிய அதிகாரிதான், சாது. ஜனாதிபதி ட்ரூமன் தண்டனையைக் குறைத்ததும் கர்லி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று மாலையே, இந்த ஐந்து மாதத்தில் நடக்காத காரியத்தை ஒரே நாளில் முடித்துவிட்டேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தை ஹைன்ஸைச் சுட்டுவிட்டது. 1949 தேர்தலில் அவரே எதிர்த்து நின்று கர்லியைத் தோற்கடித்தார். கர்லி அதன் பிறகு மேயராகவே இல்லை. நான் அந்த ஊரில் இருந்திருந்தால் ஹைன்ஸுக்குத்தான் வோட்டுப் போட்டிருப்பேன்.

போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேனா என்பது வேறு கேள்வி. சிநேகிதனுக்கென்று தனிச் சலுகை காட்டாத ஹைன்ஸின் ஆட்சியில், நகரத்தைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று முறைப்படி, சட்டப்படி வந்தது. இத்தாலியர்களும் யூதர்களும் இன்னும் பல ஏழைக் குடியேறிகளும் கலந்து வாழ்ந்த வெஸ்ட் எண்ட் பகுதியை 1958-ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 2,700 குடும்பங்கள் வீடு இழந்தன. அந்த இடத்தில் வசதியுள்ளவர்களுக்கு அடுக்கு மாடிகள் எழும்பின.

அதே வருஷம் நவம்பர் 12-ஆம் தேதி கர்லி காலமானார். உடலை மாநில அரசு மாளிகையில் வைத்தார்கள். ஏழை எளியவர்கள் பெருங்கூட்டமாக வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இடிபட்டுக்கொண்டிருந்த வெஸ்ட் எண்ட் தெருக்கள் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.