மடை திறக்கும் முன்

புதுச்சேரியை அடுத்த பாகூரில் சம்பா நடவு முடிந்த கழனி. கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் நிற்கிறது. ஈர மணலில் பூட்டாகுளோர் என்ற களைக்கொல்லியைப் பிசறிக் கூடையில் வைத்துக்கொண்டு, ஒருவர் பின்னோக்கி நடந்தபடியே கைவீசித் தூவுகிறார். மணல் விழும் இடத்தில் சிறு வளையம் எழுந்து அடங்குகிறது. மேலே மெல்லிய எண்ணெய்ப் பசை மினுக்கிட்டு மறைகிறது. இனி அந்தக் கழனியில் சில வாரங்களுக்குக் கோரையும் குதிரைவாலியும் தலைகாட்டாது.

*

களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. மருந்து தூவுகிறவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

மருந்து போட்டால் இரண்டு மூன்று நாளைக்குத் தண்ணீரை வடிக்கக் கூடாது. மண்ணோடு அது பிடிக்க அவ்வளவு நேரம் வேண்டும். ஆனால் சம்பா நடவும் வடகிழக்குப் பருவமழையும் ஒட்டி ஒட்டியே வருகின்றன. காலையில் தூவிய கழனியில் இரவு மழை கொட்டினால், பயிர் மூழ்கிவிடும் என்ற பயத்தில் மறுநாள் விடியலிலேயே மடையை வெட்டிவிடுகிறோம். பாதி மருந்து வாய்க்காலில் போகிறது.

*

ஏரிப் பாசனத்தில் வடிகால் என்று தனியாக எதுவும் இல்லை. மேல்கழனியில் வடிந்ததுதான் கீழ்கழனியில் பாய்கிறது. ஏரிகளும் இந்தச் சங்கிலியில்தான்: பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையின் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே வருகிறது. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றுநீர் வருகிறது. 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. வலசைப் பறவைகள் வந்து இறங்குவதும், நாம் மருந்து தூவிய கழனிகளின் மடை திறப்பதும் ஏறக்குறைய ஒரே பருவத்தில்தான்.

*

மருந்து டப்பாவில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைச் சொல்லும். அந்த நிறத்தை முடிவு செய்வது எலி போன்ற பாலூட்டிகளிடம் செய்த சோதனை. வாய்க்கால் கெண்டையின் கணக்கு அதில் வராது. பூட்டாகுளோர் மீனுக்குக் கடும் நஞ்சு. பாசியையும் அழிக்கும். பாசி போனால் அதைத் தின்னும் தலைப்பிரட்டைக்கு இரை ஏது?

*

கழனியை விட என்னை வருத்துவது வாய்க்கால் கரை. புல் அறுக்கச் சோம்பிக் கிளைபோசேட் அடிக்கிறார்கள். பூச்சி ஒழிப்புப் பணியாளர் மூலமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. கரையிலோ கைத்தெளிப்பான் நின்றபாடில்லை. கோரையோடு பொன்னாங்கண்ணியும் கரிசலாங்கண்ணியும் வல்லாரையும் சேர்ந்தே கருகுகின்றன. களைக்கு வந்த பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு போன கீரைகள் அவை. வேர் செத்த கரை மழைக்குக் கரைகிறது. மண்ணில் ஒட்டிய மருந்தும் அந்தச் சேற்றோடு வாய்க்காலில் இறங்குகிறது.

*

மருந்து போடாமல் முடியாது என்றால், மழை வருமா என்று பார்த்துப் போடுங்கள். மடையை மூன்று நாள் இறுக அடைத்து வையுங்கள். வாய்க்கால் கரையை மட்டுமாவது அரிவாளுக்கு விடுங்கள்.