கடைசி ஓவரின் கணக்கு

அஜாமிளன் கதை எல்லோருக்கும் தெரியும். வாழ்நாள் முழுதும் சேர்த்த பாவம், சாகும் தறுவாயில் மகனைக் கூப்பிட்ட சாக்கில் வாயில் வந்த நாராயண நாமத்தால் கழிந்துபோகிறது. பாகவதம் இதைக் கருணையின் கதையாகச் சொல்கிறது. அதே பாகவதத்தில் பரதன் கதையும் இருக்கிறது. ராஜ்யத்தைத் துறந்து தவம் செய்தவன், கடைசி நேரத்தில் தான் வளர்த்த மான்குட்டியை நினைத்துவிட்டதால் மானாகப் பிறக்கிறான். இரண்டு கதைகளிலும் கணக்கு முறை ஒன்றுதான். கடைசிப் பதிவு முந்திய பதிவுகள் அத்தனையையும் அடித்துவிடுகிறது. கருணையும் பயங்கரமும் ஒரே வாய்ப்பாட்டிலிருந்து பிறக்கின்றன.

ஒருவனை அவன் கடைசியாகச் செய்ததைக் கொண்டு மதிப்பிடலாமா என்ற கேள்வியை நம் காலத்தில் கோயில் கேட்பதில்லை, விளையாட்டு மைதானம் கேட்கிறது. அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ரிலீஃப் பிட்ச்சர் என்று ஒருவன் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கிய பந்தெறிபவன் களைத்தபின் இறக்கப்படுகிறவன். அவர்களிலும் குளோஸர் எனப்படுபவன் ஒன்பதாவதான கடைசி இன்னிங்ஸுக்கென்றே வைக்கப்பட்டிருப்பவன். அணி முன்னணியில் இருக்கும்போது வந்து, அந்த முன்னணியைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போவது அவன் வேலை. சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இந்தக் காப்பாற்றலுக்கு ஒரு எண் கண்டுபிடித்தார். 1969இல் அது அதிகாரபூர்வமான புள்ளிவிவரமாயிற்று. காப்பாற்றத் தவறியதை எண்ணவும் பிறகு ஒரு பத்தி போட்டார்கள். இன்று அங்கே முப்பது அணிகளின் குளோஸர்களையும் ரசிகர்கள் நாள்தோறும் கண்காணிக்கிறார்கள். யார் நிலையாக இருக்கிறான், யாருடைய நாற்காலி ஆடுகிறது, அவன் விழுந்தால் உட்காரப் போகிறவன் யார் என்று பட்டியல்கள் இருக்கின்றன. கற்பனை அணி அமைத்து ஆடுகிறவர்களுக்கு இந்தத் தகவல் லாபம். இன்னொருவன் வேலை போகப் போவதை மூன்று நாள் முன்பே ஊகிக்கிறவன் அங்கே கெட்டிக்காரன்.

இது நமக்கு அந்நியமல்ல. இருபது ஓவர் கிரிக்கெட்டில் கடைசி ஓவர்களை வீசுகிறவனுக்கு ஏறக்குறைய அதே உத்தியோகம்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் வரும்வரை, இங்கும் லட்சக்கணக்கானவர்கள் கைபேசியில் அணி அமைத்து, ஒரு பந்துவீச்சாளனின் சரிவைத் தங்கள் சில்லறைக் காசோடு பிணைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு போனபின்னும் அந்தப் பார்வை போகவில்லை.

நான் வங்கியில் குமாஸ்தா. எண்களை எழுதி வைப்பதை ஆட்சேபிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. என் ஆட்சேபணை வேறு. மாலையில் கணக்கு உதைத்தால், கடைசியாக வந்த வாடிக்கையாளரின் வவுச்சரில்தான் வித்தியாசம் என்று எந்த கேஷியரும் சொல்லமாட்டார். காலை பத்து மணியிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். குறை வெளிப்படுகிற இடமும் குறை நேர்ந்த இடமும் ஒன்றல்ல என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். விளையாட்டை எண்ணுகிறவர்கள் இதைக் கற்கவில்லை.

2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மே 29 இரவு அகமதாபாதில் தொடங்கி, மழையால் மறுநாள் அதிகாலையில் முடிந்தது. சென்னை அணிக்கு இலக்கு 15 ஓவரில் 171. கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். வீசியவர் குஜராத் அணியின் மோஹித் சர்மா. முதல் நான்கு பந்துகளில் அவர் கொடுத்தது 3 ரன். ஐந்தாவது பந்தில் ஜடேஜா சிக்ஸர் அடித்தார், ஆறாவதில் பவுண்டரி. புதுச்சேரியில் அந்நேரத்துக்கும் வெடி வெடித்தார்கள். அந்த இரவில் மோஹித் எடுத்த விக்கெட் மூன்று. ராயுடுவையும் தோனியையும் அடுத்தடுத்த பந்துகளில் வெளியேற்றியவர் அவர்தான். 2014 ஐபிஎல்லில் சென்னைக்காக ஆடி மற்றெல்லோரையும்விட அதிக விக்கெட் எடுத்தவர், 2022இல் அணியில் இடமில்லாமல் குஜராத்துக்கு வலைப்பயிற்சியில் பந்து போட்டுக்கொண்டிருந்தவர், 2023இல் மட்டும் 27 விக்கெட் எடுத்தவர். நினைவில் நிற்பது இரண்டு பந்து. சென்னை எடுத்த 171இல் அவர் பங்கு 36. மீதி 135 ரன்னும் அதே நாணயம்தான். ஆனால் அவற்றைக் கொடுத்தவர்களின் பெயரை யாரும் கேட்பதில்லை.

இதற்கு ஒரு வலுவான பதில் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. மூன்றாவது ஓவரில் கொடுத்த சிக்ஸரைச் சரிக்கட்டப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். கடைசிப் பந்துக்குப் பின்னால் யாருமில்லை. ஆகவே கூட்டலில் சமமான ரன்கள் பொறுப்பில் சமமல்ல. இது தெரிந்துதான் அவன் பந்தைக் கையில் வாங்குகிறான். அவனுடைய பொறுப்பை மறுப்பது அவனுடைய தைரியத்தையும் சேர்த்து மறுப்பதாகும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் எதற்குப் பொறுப்பு? கையை விட்டுப் பந்து போகும் வரைக்குமா, மட்டையில் பட்டு எங்கே விழுகிறதோ அது வரைக்குமா?

1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் தார்மீக அதிர்ஷ்டம் என்ற பிரச்சினையை எழுப்பினார்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இருவரில் ஒருவன் பத்திரமாக வீடு போய்ச் சேர்கிறான். மற்றவன் பாதையில் ஒரு ஆள் குறுக்கே வருகிறான். குற்றம் ஒன்றுதான். ஆனால் ஒருவன் கொலைகாரன், மற்றவன் வெறும் குடிகாரன். தன் வசத்தில் இல்லாததற்கு ஒருவன் பொறுப்பாகமாட்டான் என்று கொள்கையளவில் சொல்லிக்கொண்டே, தீர்ப்பு வழங்கும்போது விளைவைத்தான் நாம் பார்க்கிறோம். இந்த முரண்பாட்டை அவர்கள் தீர்த்துவைக்கவில்லை. தீர்க்கக்கூடியதென்று எனக்கும் தோன்றவில்லை.

1986 ஏப்ரல் 18, ஷார்ஜா. கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு நான்கு ரன் தேவை. இருபது வயது சேத்தன் சர்மா யார்க்கர் போட நினைத்தார். பந்து தரையில் படாமல் மட்டைக்கே போயிற்று. மியான்தாத் சிக்ஸர் அடித்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் இரண்டு டெஸ்டுகளில் 16 விக்கெட் எடுத்ததும், 1987 உலகக் கோப்பையில் முதல் ஹாட்ரிக் எடுத்ததும் இதே ஆள்தான். அவற்றைச் சொன்னால் ஞாபகப்படுத்திக்கொள்கிறார்கள். அந்தப் பந்தை யாரும் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2007 செப்டம்பர் 24, ஜோஹன்னஸ்பர்க். முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கடைசி ஓவரை ஜோகிந்தர் சர்மா வீசினார். 13 ரன் வேண்டியிருந்தது. மிஸ்பா ஒரு சிக்ஸர் அடித்துவிட்டு அடுத்த பந்தை ஸ்ரீசாந்த் கையில் கொடுத்தார். இந்தியா 5 ரன்னில் ஜெயித்தது. அதற்குப் பிறகு ஜோகிந்தர் இந்திய அணிக்கு ஒரு ஆட்டமும் ஆடவில்லை. தோற்ற சேத்தன் தொடர்ந்து ஆடினார். ஜெயித்தவருக்கு இடமில்லை. கடைசிப் பந்தின் விளைவு ஒருவனுடைய கீர்த்தியைத் தீர்மானிக்கிற அளவுக்கு அவன் பிழைப்பைத் தீர்மானிப்பதில்லை என்றாகிறது. அவன் பிழைப்புக்கு வேறு இடத்தில்தான் உத்தரவாதம் தேட வேண்டும். ஜோகிந்தருக்கு அது ஹரியானா போலீஸில் டிஎஸ்பி உத்தியோகமாகக் கிடைத்தது. உலகக் கோப்பையைக் கையில் வாங்கித் தந்த ஓவரின் நிலையான பலன் ஒரு சர்க்கார் வேலை! இதில் ஏளனத்துக்கு எதுவுமில்லை. விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தியக் கிரிக்கெட்டின் பாதி வங்கி மேஜைகளில் உட்கார்ந்திருந்தது. அஜித் வடேகர் ஸ்டேட் பாங்க்கில் அதிகாரி. ஜி. ஆர். விஸ்வநாத்தும் அங்கேதான். 1971இல் மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் ஜெயித்து வந்த வடேகர், 1974இல் இங்கிலாந்தில் மூன்று டெஸ்டையும் தோற்றார். லார்ட்ஸில் அணி 42 ரன்னுக்குச் சுருண்டது. நாடு கொதித்தது. அவருடைய ஆட்ட வாழ்க்கை அதோடு முடிந்தது. ஆனால் உத்தியோகம் முடியவில்லை. தலைவர் என்ற முறையில் அவர் மீது தீர்ப்புச் சொன்னவர்கள் அவருடைய வீட்டு அடுப்பின் மீது தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டும் வேறுவேறு தராசில் இருந்தன.

2008இல் ஐபிஎல் வந்தபின் தராசு ஒன்றாயிற்று. ஆட்டமே பிழைப்பு, அளவே விலை. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியின் தங்கராசு நடராஜன் ஏலத்தில் போன விலைகளை வரிசையாக எழுதிப் பார்க்கலாம். 2017இல் 3 கோடி. 2018இல் 40 லட்சம், அதுவும் இரண்டு வருஷம் ஒரு ஆட்டமும் ஆடாமல். 2022இல் 4 கோடி. 2024 நவம்பரில் 10 கோடியே 75 லட்சம். ஒரே ஆள், ஒரே இடது கை, ஒரே யார்க்கர். 2020–21இல் ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சிக்கென்று போனவர் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். 2021 மார்ச் 28, புனேயில் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது, எதிரே நின்ற சாம் கரனை 95 ரன்னோடு கட்டிப்போட்டு ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். அதுவே இந்தியாவுக்காக அவருடைய கடைசி ஒருநாள் ஆட்டமாக நின்றுவிட்டது. முழங்கால் அறுவைச் சிகிச்சை, தொற்று, புதிய ஆட்கள் எனக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களில் ஒன்றையும் அந்த ஓவரில் காண முடியாது.

நடராஜன் நெசவுக் கூலியின் மகன். இங்கே ஒரு எதிர்வாதம் என்னை மறிக்கிறது. ஸ்டேட் பாங்க் மேஜை சின்னப்பம்பட்டிக்கு எட்டியிருக்குமா? நிச்சயமான வேலை என்பது பெரும்பாலும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்த நிச்சயம். விலை பேசுகிற ஏலம்தான் அந்தப் பையனுக்குக் கதவைத் திறந்தது. உண்மைதான். நான் குடியிருக்கும் முத்தியால்பேட்டை நெசவாளிகளின் பேட்டை. முழத்துக்குக் கூலி வாங்குகிறவனுக்கு, துணியில் ஒரு இழை பிசகினால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்பது செய்தியே அல்ல. செய்ததைக் கொண்டு அன்றன்றைக்கு எடை போடப்படுவது பெரும்பாலான மனிதர்களின் நிலை. மாதச் சம்பளக்காரனாகிய என் நிலைதான் விதிவிலக்கு. இந்த விதிவிலக்கில் உட்கார்ந்துகொண்டு மற்றவனுடைய கடைசி ஓவரை வேடிக்கை பார்க்கிறேன் என்பதை நான் மறக்கக் கூடாது. ஆனால் இந்த எதிர்வாதம் கதவைப் பற்றியது. உள்ளே போனவனை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு உதாரணம் சொல்கிறேன். தமிழ்ச் சிறுபத்திரிகை விமர்சனம் தயவுதாட்சண்யம் இல்லாதது என்று பெயர் வாங்கியது. ஒருவருடைய சமீபத்திய கதையை வைத்து அவருடைய இருபது வருஷத்தை நிராகரிப்பது இங்கே வழக்கமில்லாத காரியமல்ல. இது எப்படிச் சாத்தியமாயிற்று? மௌனிக்குச் சிதம்பரத்தில் அரிசி ஆலை இருந்தது. சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. ஞானக்கூத்தனுக்குப் பொதுப்பணித் துறை. நகுலனுக்குத் திருவனந்தபுரத்தில் கல்லூரி. நாம் எழுதிய கடுமையான வரியால் எவர் வீட்டிலும் உலை நின்றுபோகவில்லை. நம் கறார்த்தனம் சுத்தமாக இருந்ததென்றால், அந்தச் சுத்தத்துக்கு அரிசி ஆலையும் ஜவுளிக்கடையும் பொறுப்பு. தீர்ப்பும் சோறும் தனித்தனியாக இருந்தால்தான் தீர்ப்பு நேர்மையாக இருக்க முடியும். ஒன்றாகிவிட்டால் ஒன்று தீர்ப்பு கொடுமையாகும், அல்லது பரிதாபப்பட்டுப் பொய் சொல்லும்.

1986 அக்டோபரில், ஷார்ஜாவுக்கு ஆறு மாதம் கழித்து, கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் குளோஸர் டானி மூர், வெற்றிக்கு ஒரே ஒரு எறி பாக்கியிருந்த நேரத்தில் போட்ட பந்தை டேவ் ஹெண்டர்சன் மைதானத்துக்கு வெளியே அடித்தார். அணி அந்த ஆட்டத்தையும் பிறகு அந்தத் தொடரையும் தோற்றது. 1989 ஜூலையில், ஆட்டத்தில் எங்கும் இடமில்லாமல் போனபின், மூர் மனைவியைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த ஒரு பந்துதான் அவரைக் கொன்றது என்று எழுதினார்கள். அதை நான் நம்பவில்லை. உடம்பில் காயங்கள், குலைந்த குடும்பம், பறிபோன வேலை எல்லாம் இருந்தன. ஒரு மனிதனுடைய சாவைக்கூட அவனுடைய ஒரு பந்துக்குக் கீழே எழுதிக் கூட்டிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதிர்ச்சி. அவன் செத்தபின்னும் கடைசி வவுச்சரைத் தாண்டி யாரும் புரட்டவில்லை.

ஆகவே என் முடிவு இது. எண்ணுங்கள், எழுதி வையுங்கள். தோற்றவனைத் தோற்றான் என்றே சொல்லுங்கள். ஆனால் மற்றவர்கள் சேர்த்துவைத்த ஆபத்தையெல்லாம் கடைசியில் ஒருவன் கையில் கொடுப்பவர்கள், அவனுக்கு மற்றவர்களைவிட அதிக நிச்சயத்தைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். இன்று நடப்பது நேர் எதிர். மிக ஒடுங்கிய வரப்பில் நடக்கச் சொன்னவனுக்குத்தான் மிகக் குறைந்த தவணை. மானாகப் பிறந்த பரதனுக்குப் பாகவதம் முற்பிறவி ஞாபகத்தை விட்டுவைத்தது. செய்த தவம் அழியவில்லை. அடுத்த பிறவியும் கொடுத்தது. பந்துவீசுகிறவனுக்கு நாம் தரவேண்டியதும் இந்த இரண்டுதான்: முந்திய ஓவர்களின் ஞாபகம், அடுத்த ஓவர்.