மரத்தைக் காக்கச் சிதலைக் கொல்லலாமா?

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் பரந்து கிடக்கின்றன. மரத்தின் அடியிலிருந்து மண் பூச்சாக ஏறும் கறையானைக் கண்டதும் தோப்புடையார் மனம் பதறுவது இயல்பே. உடனே மருந்துக் கடைக்கு ஆளனுப்புவது வழக்கமாகி விட்டது. மரத்தைக் காக்கும் பொருட்டுக் கறையானைக் கொல்வது அறமாகுமா? இல்லறத்தில் நின்று கொல்லாமையைப் போற்றும் நாம் அனைவரும் எண்ண வேண்டிய வினா இது.

மரம் ஓரறிவுயிர். சிதலையும் எறும்பையும் மூவறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுத்துள்ளது. சமண நூல்களும் அவ்வாறே கூறும். அறிவு வரிசையை மட்டும் நோக்கினால், ஒரு மரத்திற்காக ஆயிரக்கணக்கான சிதல்களை அழிப்பதற்கு நியாயம் காண்பது அரிது. ஆயினும் அம்மரத்தின் காயை விற்று உண்ணும் குடும்பத்தின் பசியையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

முதலில், தீங்கு உண்மையிலேயே நிகழ்கின்றதா என ஆராய்வோம். மரத்தின்மேல் மண் கூரை வேய்ந்து ஏறும் நம் நாட்டுக் கறையான்கள் பெரும்பாலும் புற்றினுள் காளான் வளர்ப்பவை. வெயில் தாங்காத மெல்லுடல் உடையவை ஆதலின் மண்ணால் மூடிச் செல்கின்றன. அவை நாடுவன காய்ந்த மேற்பட்டையும் பட்ட கிளையுமே. நன்கு வளர்ந்த மரத்தின் உயிருள்ள பகுதியைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் மேகமலையுடன் சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டில் கறையானும் மரமும் கூடியே வாழ்கின்றன. அங்கு விழுந்த மரத்தை அது மண்ணாக்குகின்றது. கரடிக்கு உணவும் ஆகின்றது.

எல்லாக் கறையானும் அத்தகையன அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள மரத்தையே குடையும் இனங்கள் உண்டு. இளங்கன்றையும் தென்னை நாற்றையும் நம் ஊர்க் கறையானும் அழிக்க வல்லது. அவ்விடத்தில் வாளாவிருத்தல் இல்லறத்தார்க்கு இயலாது.

எனினும் நஞ்சு கறையானோடு நிற்பதில்லை. ஒரு காலத்தில் கறையானுக்கு உற்ற மருந்தெனக் கருதப்பட்ட ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாக்ளோர் ஆகியவை மண்ணில் பல்லாண்டு தங்கி உயிர்களின் கொழுப்பில் சேர்ந்தமையால், 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அவற்றை விலக்கியது. இலங்கையில் தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்டிரின் தெளித்தபோது, இலைசுருட்டிப் புழுவை அடக்கி வைத்திருந்த குளவி மடிந்தது, புழு பெருகியது. மேலும், நஞ்சைத் தெளிப்பவர் தோப்புடையார் அல்லர். கையுறையும் முகமூடியும் இல்லாத கூலியாள். செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் என்னும் மூன்றாலும் வினை கட்டும் என்பதை நாம் அறிவோம்.

கொல்லும் நோக்கோடு கொல்வதாகிய சங்கல்ப இம்சையை இல்லறத்தார் அறவே விலக்குதல் வேண்டும். உழவிலும் தொழிலிலும் நேரும் இம்சையை இயன்றவரை குறைத்தல் அவர்தம் கடமை. பட்ட கிளைகளை அறுத்து அகற்றலாம். மக்காத எருவையும் காய்ந்த சருகையும் மரத்தடியில் சேர விடாதிருக்கலாம். கன்றுகள் வாடாமல் நீர் பாய்ச்சி, வேப்பம் புண்ணாக்கு இடலாம். தென்னை நாற்றங்காலில் நெற்றுகளின்மேல் மணல் பரப்பலாம். மண் பூச்சைச் சுரண்டினாலும் சில உயிர்கள் மடியும் என்பதை மறைத்தல் வேண்டா. பட்டையில் காயம் உண்டா எனப் பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் அதனைச் செய்தல் போதும்.

விழிப்பின்மையால் உயிர் நீக்குதலே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் கருத்து. பூச்சைக் கண்ட மாத்திரத்தில் நஞ்சைத் தேடுவது அவ்விழிப்பின்மையே ஆகும்.

இத்தனையும் செய்த பின்னும் சில மரங்கள் பட்டுப்போகலாம், காயும் குறையலாம். அவ்விழப்பைத் தாங்க இயலாத குத்தகைதாரர் தலையில் அதனைச் சுமத்திவிட்டு, நாம் கொல்லாமை காத்தோம் என மகிழ்தல் அறமன்று. தோப்புக்கு உடையவர் குத்தகைத் தொகையில் தள்ளிக் கொடுப்பாராக. நாம் பூண்ட விரதத்தின் விலையை நாமே தருதல்தான் முறை.