அறியப்படாத காவல்

ஒரு செயலின் சிறப்பை அதனால் விளையும் புகழைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அவ்வழக்கம் முறையானதுதானா என்று ஆராய்வதற்கு இதய அறுவைக் கூடம் தக்கதோர் இடமாகும்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து இதய அறுவைக்காகப் பாலத்தைக் கடந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் நோயாளி, நலம் பெற்றுத் திரும்பியதும் மருத்துவரின் பெயரை நன்றியோடு கூறுகிறார். ஆனால், தம் இதயம் நின்றிருந்த வேளையில் தம் உயிரோட்டத்தைக் காத்தவர் யார் என்பதை அவர் பெரும்பாலும் அறிந்திருப்பதில்லை.

அவரே 'பெர்ஃபியூஷனிஸ்ட்' எனப்படும் குருதியோட்ட வல்லுநர். இதயத்தைத் திறந்து செப்பனிட வேண்டுமாயின், பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி அதன் துடிப்பை நிறுத்துவர். அப்போது உடலின் குருதி, குழாய்களின் வழியே இதய நுரையீரல் இயந்திரத்தை அடைகிறது. அங்கு உயிர்வளி சேர்க்கப்பெற்று, கரியமில வாயு நீக்கப்பெற்று, வேண்டிய வெப்பநிலையோடு மீண்டும் உடலுக்குள் செல்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 அல்லது 5 லிட்டர் குருதி இவ்வாறு சுழல வேண்டும். குருதி உறைந்துவிடாமல் ஹெப்பாரின் மருந்தின் ஆற்றலை அடிக்கடி சோதிக்க வேண்டும். காற்றுக்குமிழ் மூளைக்குச் சென்றால் பெருங்கேடு விளையும். மின்சாரமும் மாற்று மின்கலமும் கைவிட்டால், கையாலேயே பம்பைச் சுழற்ற வேண்டும். இத்தனையும் அவ்வல்லுநரின் பொறுப்பு.

இக்கருவியும் தனியொருவர் புகழில் அடங்குவதன்று. 1953 மே 6-ஆம் நாள் பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துளையை மருத்துவர் ஜான் கிப்பன் அடைத்தார். 26 நிமிடங்கள் இயந்திரமே அவளது இதயமாகவும் நுரையீரலாகவும் விளங்கியது. அந்த வெற்றிக்குப் பின்னே, ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் உடனுழைத்த அவருடைய மனைவி மேரியும், இயந்திரத்தை உருவாக்கத் துணைநின்ற பொறியாளர்களும் இருந்தனர்.

"ஊதியம் பெறுகிறார், கடமையைச் செய்கிறார், இதில் வியப்பென்ன?" என்று சிலர் வினவக்கூடும். ஊதியம் நேரத்திற்கு விலையாகலாம், விழிப்பிற்கு விலையாகாது. மருத்துவரின் வெற்றி கண்ணுக்குத் தெரிகிறது. வல்லுநரின் வெற்றியோ, தீங்கு எதுவும் நிகழாமையே. நிகழாத ஒன்றை யார் பாராட்டுவர்? பாராட்டுக்காகவே உழைப்பவர், பார்ப்பவர் இல்லாத கணத்தில் தளர்ந்துவிடுவார். உயிரின் மதிப்பை உணர்ந்து உழைப்பவரே தளராதிருப்பார். ஆகவே, அறத்தின் உரைகல் புகழன்று, பொறுப்பே.

எனினும், புகழை விரும்பாமை உழைப்பவரின் பண்பாகலாம். அதனைக் காரணங்காட்டி அவரை மறந்துவிடுவது பயன்பெற்றோரின் பண்பாகாது. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணைபுரிபவரையும் இணையாக வைத்து எண்ணுகிறது. வள்ளுவர் விடாது எண்ணிய நான்காமவரை இக்காலம் எண்ணாது விடலாமா?

புகழ் ஒன்றையே காட்டி வளர்க்கப்படும் மாணவன், பெயர் தெரியாத பணியைத் தாழ்வென எண்ணுவான். அத்தகையோர் பெருகினால், நின்ற இதயத்தின் அருகே விழித்திருக்க ஆள் கிடைப்பது அரிதாகும். "மருத்துவராக வேண்டும்" என்று கூறும் மாணவனுக்கு, மருத்துவரின் அருகே நிற்பவரையும் அறிமுகம் செய்வது ஆசிரியரின் கடன். நலம் பெற்றவரும் மருத்துவருக்கு நன்றி கூறியபின், "உடனிருந்தவர் யார்?" என்று ஒருமுறை கேட்கட்டும். செய்ந்நன்றி அறிதல் அவ்வினாவில் தொடங்குகிறது.