வளைவுக்கு முன்பே வேகத்தை விட்டுவிடு

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் நள்ளிரவுக்கு மேல் கார் எடுத்துக்கொண்டு வரும் தம்பி, உன்னிடம்தான் பேசுகிறேன். உன் வண்டி நல்ல வண்டி. டர்போ எஞ்சின், அகலமான டயர், தாழ்த்திக் கட்டிய சஸ்பென்ஷன். கார் மேல் ஆசை வைத்ததற்காக உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஒரு வளைவைச் சுத்தமாக எடுப்பது உண்மையிலேயே ஒரு வித்தை. அதைக் கற்க ஆசைப்படுவது நல்ல ஆசை. ஆனால் அந்த வித்தையில் பாதியைத்தான் நீ வீடியோ பார்த்துக் கற்றிருக்கிறாய். நீ விட்டுவிட்ட பாதியில் உன் உயிரும், உன்னை அறியாத யாரோ சிலருடைய உயிரும் இருக்கின்றன. ஆகவே இன்றிரவு சாவியை எடுப்பதற்கு முன் இதைக் கேட்டுவிட்டுப் போ.

பந்தயத் தடத்தில் ஓட்டுபவர் வளைவை எப்படி எடுக்கிறார் என்று நீ பார்த்திருப்பாய். வெளியோரத்தில் வந்து, உள்ளோரத்தை உரசிக்கொண்டு திரும்பி, மறுபடியும் வெளியோரத்துக்கு விரிந்து போகிறார். அப்படிப் போனால் வளைவின் ஆரம் பெரிதாகிறது. ஆரம் பெரிதானால் அதே டயரால் கூடுதல் வேகத்தைத் தாங்க முடிகிறது. கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கு தடத்தின் முழு அகலமும் அவருக்கே உரியது என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. எதிரே வண்டி வராது என்று அவருக்கு உறுதி சொல்லிவிட்டுத்தான் கொடியசைக்கிறார்கள். உனக்கு அப்படி யார் உறுதி சொன்னார்கள்? நீ உள்ளோரத்தை உரசும் இடத்தில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர் இருக்கிறார். நீ வெளியே விரியும் இடம் எதிரே வருகிறவருடைய பாதை. "எதிர்ப்பக்கம் காலியாத்தானே இருந்தது" என்கிறாய். காலியா இல்லையா என்பது வளைவைக் கடந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது. அடுத்தவருக்குரிய பாதையை எடுத்துக்கொண்டு உன் வேகத்தைக் கூட்டிக்கொள்வதைத் திறமை என்று சொல்லாதே. சாலையில் உனக்கு உரியது உன் லேனுக்குள் அடங்குகிற வளைகோடு மட்டும்தான். அதற்குள் எடுக்க முடியாத வேகம் உனக்கு வேண்டாம்.

இந்த ஊருக்கு வேகம் புதிதல்ல. திருவொற்றியூரில் 1955-இல் ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை வந்தது. அதே திருவொற்றியூரில் 1946-இல் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கியதுதான் பிற்காலத்தில் பந்தயக் கார்களுக்கே டயர் செய்து கொடுத்த எம்.ஆர்.எஃப். 1948-இல் பிறந்த அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் வளர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. எரிபொருள் மணலியில் சுத்திகரிக்கப்படுகிறது. வண்டியும் டயரும் எண்ணெயும் செய்த கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் அந்த ஓடுதளத்தில்தான் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைத்து 1990-இல் அங்கே மாறிப் போனார்கள். அவ்வளவு தூரம் ஏன் போனார்கள் என்று யோசித்துப் பார். ஊருக்குள் சாலை இல்லாமலா? வேகத்தில் பைத்தியமாக இருந்த அந்த மனிதர்கள், ஊர்ச்சாலை தங்கள் விளையாட்டுக்கானது அல்ல என்று ஒப்புக்கொண்டவர்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயம் நடந்ததே, அது தெருவில்தானே நடந்தது என்று நீ கேட்கலாம். 3.5 கிலோமீட்டர் தடம், 19 திருப்பங்கள். ஓரம் முழுக்கத் தடுப்புகள் வைத்து, போக்குவரத்தை மூடி, பாதுகாப்புச் சான்று வரத் தாமதமானபோது முதல் நாள் ஓட்டத்தையே தள்ளிவைத்து நடத்தினார்கள். தொழிலாக ஓட்டுகிறவர்களுக்கே அத்தனை காவல் தேவைப்பட்டது. உனக்குக் காவலாக இருப்பது சாலை நடுவே ஒரு மீடியன், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை.

இனி கணக்குக்கு வா. உன் கார் எத்தனை குதிரைத்திறன் கொண்டதானாலும், தரையைத் தொடுவது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். பிரேக் பிடிப்பது, திருப்புவது, வேகமெடுப்பது மூன்றையும் அந்த ரப்பரே செய்தாக வேண்டும். அதன் பிடிப்புக்கு ஒரு மொத்த அளவு உண்டு. முழுவதையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திரும்ப மிச்சமிருக்காது. ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்டாமல் காக்கும்; இல்லாத பிடிப்பை அதனால் உண்டாக்கித் தர முடியாது. 25 மீட்டர் ஆரமுள்ள ஒரு திருப்பத்தை எடுத்துக்கொள். காய்ந்த, சுத்தமான தார், நல்ல டயர் என்றால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம்வரை கார் நழுவாமல் நிற்கும். பிடிப்பு பாதியானால் அதே திருப்பத்தின் எல்லை 35-க்கு இறங்கிவிடும். 50-இல் எடுத்த வளைவை 60-இல் எடுத்தால் என்ன என்று தோன்றும். பக்கவாட்டில் தள்ளும் விசை 44 சதவீதம் கூடும். உன் கால் உணர்வது பத்து கிலோமீட்டர். டயர் சுமப்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

நம் சாலையில் பிடிப்பு பாதியாவதற்கு மழை வர வேண்டியதில்லை. கடல் பக்கத்திலிருந்து மணல் வந்து படிகிறது. எண்ணூர்ப் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் லாரியிலிருந்து உதிர்கின்றன. காசிமேட்டில் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் உருகி வழிகிறது. திருப்பங்களில் டீசல் சிந்தியிருக்கும்; அது இரவில் கண்ணுக்கே தெரியாது. நேற்று நீ 50-இல் எடுத்த வளைவு இன்று அதே வளைவு அல்ல.

அதனால் வளைவை எடுக்கிற முறையை ஒழுங்காகச் சொல்கிறேன், மனத்தில் வை. பிரேக் நேர்க்கோட்டில், ஸ்டியரிங் திரும்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கியரும் அங்கேயே இறங்கிவிட வேண்டும். திரும்பும்போது கால் ஆக்சிலரேட்டரில் லேசாக, ஒரே அளவில் இருக்கட்டும். கார் சமநிலையில் நிற்கும். கண் பானெட்டில் இருக்கக் கூடாது, வளைவு எங்கே முடிகிறதோ அங்கே இருக்க வேண்டும். கை கண்ணைப் பின்தொடரும். வளைவு முடிவது தெரியவில்லை என்றால், தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்துக்கு வா. 60-இல் போகும் கார், நீ ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்கும் ஒரு நொடிக்குள் 17 மீட்டர் போய்விடும். மணல் படிந்த சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். வெளியே வரும்போது ஸ்டியரிங் நேராக நேராகத்தான் ஆக்சிலரேட்டரைக் கூட்ட வேண்டும். டர்போ காரில் இதைக் கவனி: நீ மிதித்த விசை சற்றுத் தாமதித்து மொத்தமாக வந்து விழும். வளைவின் நடுவில் மிதித்தால், அது வந்து சேரும்போது முன்சக்கரங்கள் பிடிப்பை இழந்து கார் வெளியோரத்துக்கு நழுவும். அப்படி நழுவினால் பயத்தில் ஸ்டியரிங்கை மேலும் முறுக்காதே. ஆக்சிலரேட்டரை மெதுவாக விடு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்து, டயர் மறுபடி பிடிக்கும்வரை பொறு. பின்பக்கம் வீசினால் கண்ணைப் போக வேண்டிய திசையிலேயே வைத்து அந்தப் பக்கமே திருப்பு. வளைவுக்குள் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திரும்பும் டிரெயில் பிரேக்கிங் தடத்தில், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரக் கற்க வேண்டியது. ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிட்டு ஓட்டுவதைப் பெருமையாகச் சொல்லாதே. அது இயக்கத்திலேயே இருக்கட்டும்.

இந்த முறையின் முதல் வரியிலேயே ஒழுக்கம் இருக்கிறது. வேகத்தை முதலில் விட்டுவிட்டு நுழைகிறவரிடம்தான் கார் கடைசிவரை கைக்கு அடங்குகிறது. ஃபார்முலா ஒன்றுக்கு 2005-இல் போன நரேன் கார்த்திகேயனும், 2010-இல் போன நம் சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் தடத்தில், பயிற்சியில், மூடிய சாலையில் வளர்ந்தவர்கள். சாலையில் அடுத்தவரைப் பயமுறுத்தி யாரும் அங்கே போய்ச் சேரவில்லை.

நீ யாரோடு சாலையைப் பகிர்ந்துகொள்கிறாய் என்பதையும் பார். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் முதலில் வலப்பக்கம் விரியும். அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கம் தெரிகிற அந்த இடைவெளி உனக்காகத் திறந்த வழி இல்லை. அடுத்த சில நொடிகளில் அந்த இடத்தில் டிரெய்லரின் பின்பாகம் இருக்கும். மணலியிலிருந்து வரும் டேங்கர் வளைவில் திடீரென்று பிரேக் போட முடியாது. உள்ளே இருக்கும் எண்ணெய் அலைந்து வண்டியைத் தள்ளும். துறைமுகத்துக்குள் நுழையக் காத்து ஜீரோ கேட் வரை வரிசையில் நிற்கும் லாரிகளிலிருந்து டிரைவர் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். விடியும் முன் காசிமேட்டு ஏலத்துக்குப் போகிற அம்மாக்கள் ராயபுரத்தில் கூடையோடு சாலையைக் கடப்பார்கள். மீன்பாடி வண்டிக்குப் பின்விளக்கு இருக்காது. இருக்க வேண்டும்தான், ஆனால் அது இல்லாத குறைக்கு அந்த மனிதர் உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பொதுச்சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் ஒருவர் இறந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்து ஆண்டுவரை போகும். ஆனால் போலீஸுக்குப் பயந்து நீ மெதுவாகப் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போலீஸ் இல்லாத இரவிலும் அந்தக் கூடைக்காரம்மா அங்கே இருப்பார்.

பெற்றோருக்கும் சொல்ல வேண்டும். பதினெட்டு நிரம்பாத பையனிடம் சாவி கொடுத்து அவன் விபத்து செய்தால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்கள். மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உங்களுக்கு. எஞ்சினின் விசையை மட்டும் ஏற்றிக் கொடுக்கும் மெக்கானிக் அண்ணனுக்கும் ஒரு வேண்டுகோள்: பிரேக்கையும் டயரையும் பார்க்காமல் அந்த வேலையை எடுக்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2317 என்றிருந்தால் 2017-இன் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பழைய காரை வாங்கிய தம்பிகளில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்து, வயதான ரப்பரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள்.

உனக்கு வளைவு வேண்டுமா, தம்பி? இருங்காட்டுக்கோட்டைக்குப் போ. 3.7 கிலோமீட்டர் தடம், 12 வளைவுகள், ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிகளும் அங்கே நடக்கின்றன. ஹெல்மெட் போட்டுக்கொண்டு அங்கே பிழை செய். தடம் அதைத் தாங்கும். அதற்குப் பணம் வேண்டுமானால், வார இறுதியில் நண்பர்கள் சேர்ந்து டீசலுக்கும் பிரியாணிக்கும் செலவழிப்பதை நான்கு மாதம் சேர்த்து வை.

கடைசியாகப் பக்கத்து சீட்டில் உட்காருகிறவனே, பின்சீட்டில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கிறவனே, உங்களிடம். அவன் காதில் விழுகிற ஒரே குரல் உங்களுடையது. அவன் வேகத்தைக் கூட்டுவது பெரும்பாலும் உங்களுக்காகத்தான். போனை உள்ளே வை. வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராகப் போகும்போதே, "ஓரமா நிறுத்துடா, நான் இறங்கிக்கிறேன்" என்று சொல். நிறுத்தினால் இறங்கிவிடு. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போ. நாளைக்கு அவன் உன்னோடு பேசாமல் போனாலும் பரவாயில்லை.